சூல்கால நீரிழிவு

கருவுற்ற பின் தோன்றும் நீரிழிவான ஜெஸ்டேஷனல் டயாபடிஸ் என்பதைக் கர்ப்பகால நீரிழிவு என்கிறோம். கர்ப்பம் வடசொல். சூல், சூலி, நிறைசூலி எல்லாம் நம்மிடமே இருக்க, சூல்கால நீரிழிவு என்பதே என் தேர்வு. சிலர் பேறுகால நீரிழிவு என்று எழுதுகிறார்கள். பேறு என்பது பிள்ளை பிறப்பைக் குறிப்பது, இங்கே பொருந்தாது.

லத்தீனில் 'கெஸ்டாரே' என்றால் சுமத்தல். கிரேக்கத்தில் 'டயாபடிஸ்' என்றால் ஊடே கடந்து போவது. குடித்த நீர் உடலில் தங்காமல் போய்விடுவதைப் பார்த்து வைத்த பெயர். நீரிழிவும் அதையேதான் சொல்கிறது. இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். அருவி மலையிலிருந்து இழிகிறது என்பது பழைய வழக்கு. இந்தச் சொல்லில் கேவலம் எதுவும் இல்லை, அதைக் கேட்டு எந்தத் தாயும் கூச வேண்டாம். நீரிழிவின் இன்னொரு பெயரான மதுமேகத்தில் வரும் மேகமும் வானத்து மேகமல்ல; சிறுநீரைக் குறிக்கும் 'மேஹ' என்ற வடசொல். மது என்பது தேன். 'டயாபடிஸ் மெல்லிடஸ்' என்பதில் உள்ள மெல்லிடஸும் தேனினிப்பைத்தான் சொல்கிறது.

பெயர் தாயின் நீரைச் சொன்னாலும் பாரம் பிள்ளையின் இதயத்திலும் ஏறுகிறது. தாயின் ரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடக்கும். அவள் உடலின் இன்சுலின் கடக்காது. வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. 1952-ல் டென்மார்க் மருத்துவர் ஜோர்கன் பெடர்சன் முன்வைத்த விளக்கம் இது. இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் சுரப்பு. அது மிகும்போது குழந்தை பெருக்கிறது. இதயக் கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரும் தடிக்கிறது. பிறந்தபின் தாய்வழிச் சர்க்கரை நின்றுவிடுவதால், இந்தத் தடிப்பு பெரும்பாலும் சில மாதங்களில் வற்றிவிடும்.

சர்க்கரையைக் குறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கொழுப்பும் நஞ்சுக்கொடி வழியே போகிறது. தாய் எலிகளுக்கு நீரிழிவோடு கொழுப்பு மிகுந்த தீனியும் சேர்ந்தபோது, குட்டிகளின் இதயத் தசையில் ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவின் வேலை கெட்டதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்காகத் தாய் பட்டினி கிடக்கக் கூடாது. மாவுச்சத்தை ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்து உண்பதும், நார்ச்சத்தும் புரதமும் சேர்ப்பதும், கெட்ட கொழுப்பைக் குறைப்பதும்தான் வழி. அளவை மருத்துவரும் உணவியலாளரும் சொல்ல வேண்டும்.

கருவுறுமுன்பே இருந்த நீரிழிவையும் பலர் இதே பெயரால் அழைப்பது எனக்குக் கவலை தருகிறது. சூல்கால நீரிழிவைப் பொதுவாக 24 முதல் 28 வாரத்துக்குள் சோதிக்கிறார்கள். இதயமோ கரு உண்டான எட்டு வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும். எனவே தாயின் நீரிழிவால் வரும் பிறவி இதயக் குறைகள் பெரிதும் முன்னிருந்த நீரிழிவோடு தொடர்புடையவை. அதற்குச் சூல்முன் நீரிழிவு என்று தனிப்பெயர் வேண்டும். அந்தப் பெண்களுக்கு உணவுக் கட்டுப்பாடு கருவுறுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். நாள் தள்ளிப்போனது தெரிந்து உறுதிசெய்வதற்குள் பெரும்பாலும் அந்தச் சிறு இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும்.