அது பூஞ்சை இல்லை, நட்சத்திரக் கொத்து

பூஞ்சை பிடித்துவிட்டது என்று நினைத்து வீட்டிலேயே கழற்றிய தொலைநோக்கி ஒன்று இந்தக் கோடையிலும் பழுதுபார்க்க என் மேசைக்கு வந்தது. முன் லென்ஸைக் கழற்றி, ஸ்பிரிட் ஊற்றித் துடைத்து, திரும்ப மாட்டும்போது உள்ளே இருக்கும் இரண்டு கண்ணாடிகளில் ஒன்றைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டேன். "எம்13 நட்சத்திரக் கொத்தைப் பார்த்தோம் சார். போட்டோவில் எவ்வளவு நட்சத்திரம்! எங்களுக்கு வெறும் புகை மாதிரிதான் தெரிந்தது. பூஞ்சை பிடித்துவிட்டது என்று நினைத்தோம்" என்றார்கள். நன்றாக இருந்த லென்ஸ். துடைத்ததில் மேல்பூச்சே போய்விட்டது.

தொலைநோக்கி பழுதுபார்க்கிற எனக்கு இது புதிதில்லை. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: எம்13 ஒரு கோளக் கொத்து, அதாவது ஏராளமான நட்சத்திரங்கள் பந்து போல நெருங்கித் திரண்ட கூட்டம். சின்னத் தொலைநோக்கியில் கோளக் கொத்து புகைத் திட்டாகத்தான் தெரியும். முதன்முதலில் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. 1665இல் ஜெர்மனியின் ஆபிரகாம் ஈலே சனிக் கோளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தற்செயலாக எம்22 என்ற கொத்து கண்ணில் பட்டது. 1702இல் வால்நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெர்மன் வானியலாளர்களான கிர்ஷ் தம்பதியர் எம்5 கொத்தைக் கண்டார்கள். எம்13ஐ 1714இல் கண்டறிந்த ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி அதைச் சின்னத் திட்டு என்றே எழுதினார். 1750களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்க முனையில் அரை அங்குல அகலத் தொலைநோக்கி வைத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லக்காய்க்கு, 47 டுக்கானே என்ற கோளக் கொத்து வால்நட்சத்திரத்தின் நடுப்பகுதி போலத் தெரிந்தது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது மெஸ்ஸியேவைக் குறை சொல்லும்போதுதான். இந்த 'எம்' எண்கள் வந்த பட்டியலைத் தொகுத்த பிரெஞ்சு வானியலாளர் அவர். 1764 ஜூனில் எம்13ஐப் பார்த்துவிட்டு, இதில் நட்சத்திரமே இல்லை என்று குறித்து வைத்தார். அதைப் படித்துவிட்டு, "இவருக்குச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லையா?" என்று கேட்கிறார்கள். அந்த மனிதரின் கண் அபாரமானது. அவர் கையில் இருந்த கருவிதான் சிறியது. அன்றைய எதிரொளிப்புத் தொலைநோக்கிகளில் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோக ஆடிதான் இருக்கும். விழுந்த ஒளியில் பெரும்பகுதியை இரண்டு ஆடிகளுமாகச் சேர்ந்து விழுங்கிவிடும். ஏழரை அங்குல ஆடி வைத்திருந்தாலும், இன்றைய நான்கு அங்குல லென்ஸ் தருகிற வெளிச்சம்கூடக் கிடைக்காது. எம்13 இருப்பதோ 20,000 ஒளியாண்டுக்கும் அப்பால். அதன் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களே பன்னிரண்டாம் தர ஒளிதான் (தர எண் கூடக்கூட ஒளி மங்கும்). அதே மெஸ்ஸியே அதே ஆண்டில் எம்4ஐப் பார்த்தபோது, அதற்குள் நட்சத்திரங்கள் இருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். எம்4 நமக்கு அருகில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் வந்தார் இங்கிலாந்தில் வாழ்ந்த வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல். உலோகத்தை உருக்கி வார்த்து, தன் கையாலேயே ஆடிகளைத் தேய்த்தார். 1783இல் 18.7 அங்குல ஆடியை வைத்துப் பார்த்தபோது, மெஸ்ஸியே நட்சத்திரமற்ற புகை என்று குறித்த கோளக் கொத்துகள் ஒவ்வொன்றாக நட்சத்திரங்களாகப் பிரிந்தன. 1791இல் நாற்பது அடி நீளத் தொலைநோக்கியைக் கொண்டு எம்5இல் சுமார் 200 நட்சத்திரங்களை எண்ணினார். வானம் மாறவில்லை, ஆடி பெரிதானது.

தொலைநோக்கிப் பெட்டியில் "525 மடங்கு" என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். நட்சத்திரங்களைப் பிரித்துக் காட்டுவது முதலில் லென்ஸின் அகலம், பிறகுதான் உருப்பெருக்கம். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு இரண்டு மடங்கு என்பதுதான் பயன்படும் எல்லை. 60 மி.மீ. லென்ஸுக்கு 120. புகையின் உருவத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால், அதன் வெளிச்சம் நான்கு மடங்கு பரப்பில் பரவி மங்கும். எல்லையைத் தாண்டினால் கலங்கலைத்தான் பெரிதாக்குவீர்கள். பெட்டியோடு வருகிற உருப்பெருக்கத்தைக் கூட்டும் மலிவான பார்லோ லென்ஸை எடுத்து ஓரமாக வையுங்கள்.

பூஞ்சை என்று சந்தேகமா? குழாயைக் கொஞ்சம் நகர்த்துங்கள். பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்ந்து புகையும் நகர்ந்தால் அது வானத்தில் இருக்கிறது. எங்கே திருப்பினாலும் ஒரே இடத்தில் நின்றால் அது ஐபீஸில், அதாவது கண் வைக்கும் லென்ஸில், படிந்த அழுக்கு. முன் லென்ஸில் இருக்கும் பூஞ்சை தனித் திட்டாகத் தெரியவே தெரியாது. காட்சி முழுவதையும் மங்கலாக்கும். கடலோர ஊர்களில் பூஞ்சை வருவது உண்மைதான். அதைப் பகலில் டார்ச் அடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் தெரிந்தவரிடம் கொடுங்கள். நீங்களாகக் கழற்றாதீர்கள். சட்டை நுனியால் துடைக்கவே துடைக்காதீர்கள். தூசி மட்டும் என்றால் ரப்பர் ஊதியால் ஊதிவிடுங்கள், போதும்.

பார்ப்பதிலும் அவசரம் வேண்டாம். மொட்டை மாடிக்கு ஏறியதும் கண்ணை வைத்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று இறங்கிவிடுகிறார்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போனைப் பார்த்தாலும் மறுபடியும் முதலிலிருந்துதான். திட்டை நேராக முறைக்காமல் பார்வையைச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மங்கல் ஒளியை விழித்திரையின் ஓரம்தான் நன்றாக உணரும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் எம்13இல்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. கேட்டை நட்சத்திரத்துக்குச் சற்று மேற்கே எம்4 இருக்கிறது, ஜூன், ஜூலை இரவுகளில் தேடுங்கள். மே மாதத்தில் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே ஒமேகா செண்டாரி என்ற கோளக் கொத்து வரும். லண்டனிலிருந்து தெரியாத அதை 1677இல் ஹாலி செயின்ட் ஹெலினா தீவில் இருந்து பார்த்தார். சென்னையில் அது அடிவானத்திலிருந்து முப்பது பாகை உயரம் வரை எழும். ஊர் வெளிச்சத்தைவிட்டு வெளியே போங்கள், நிலா இல்லாத இரவாகப் பாருங்கள். ஆறு அங்குலக் கருவி இருந்தால் அதில் நட்சத்திரங்கள் பிரிந்து தெரியும். 60 மி.மீ. என்றால் ஒரு பெரிய வெண்புகை தெரியும், லென்ஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.