ஜெனரேட் செய்ததும் காணாமல் போகும் திருத்தம்

முழுக்கத் தமிழில் எழுதிய உதவிப் பக்கங்கள், ஆனால் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மொழி ஆங்கிலம் என்று ஹெல்ப் தயாரிக்கும் மென்பொருள் தானாகவே எழுதி வைத்திருந்தது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர், எந்த மொழிக் குரலில் படிப்பது என்பதை அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறது, அதனால் இதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. எச்டிஎம்எல் ஃபைல்களைத் திறந்து கையாலேயே மாற்றினேன். அடுத்த வாரம் ஒரு எழுத்துப்பிழைக்காக மறுபடி ஜெனரேட் செய்தபோது அத்தனை திருத்தமும் போய்விட்டது.

அந்த மென்பொருளுக்கு நாம் எழுதும் மூலக் கோப்புகளும், பக்கத்தின் வடிவத்தைச் சொல்லும் டெம்ப்ளேட்டும்தான் கணக்கு. அவுட்புட்டில், அதாவது அது முன்பு தயாரித்த பக்கங்களில், ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிவிடும். அதனால் டெம்ப்ளேட்டில் திருத்த முடிந்தால் அங்கேயே திருத்துங்கள். சில வரிகள் கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும், அதற்கு மட்டும்தான் அவுட்புட்டில் கைவைக்க வேண்டும்.

அப்போதும் பக்கத்தில் வரும் சொற்களைத் தொடாதீர்கள். வெப் ஹெல்ப்பில், அதாவது பிரவுசரில் திறக்கும் உதவிப் பக்கங்களில், தேடும்போது பிரவுசர் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவதில்லை. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற பட்டியலை ஜெனரேட் செய்யும்போதே கருவி தனி ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலாக எழுதிவிடும், தேடல் அதில்தான் நடக்கும். நீங்கள் பக்கத்தில் ‘அழி’ என்பதை ‘நீக்கு’ என்று மாற்றினாலும் பட்டியலில் ‘அழி’தான் இருக்கும். ‘நீக்கு’ என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. சிஎச்எம் என்ற விண்டோஸ் உதவி ஃபைல் வகை என்றால் பக்கங்கள் எல்லாம் ஒரே ஃபைலுக்குள் சுருக்கப்பட்டிருக்கும், பிரித்து, திருத்தி, மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும்.

சரி, திருத்தத்தை எப்படிக் காப்பாற்றுவது? ஓரிரு ஃபைல்களில் மட்டும் மாற்றம் என்றால் குறித்து வைத்த மாற்றங்களை ஃபைலில் மறுபடி போட்டுத் தரும் பேட்ச் நிரல், லாரி வால் 1985-இல் எழுதியது, இன்றும் அருமையாக வேலை செய்கிறது. பழைய ஃபைலையும் திருத்திய ஃபைலையும், வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் நிரலில் கொடுத்தால் நீக்கிய வரி ‘-’ குறியோடும் சேர்த்த வரி ‘+’ குறியோடும் வரும், கூடவே மேலும் கீழும் மாறாத மூன்று வரிகளையும் தரச் சொல்லலாம். இந்தப் பட்டியலைத்தான் பேட்சிடம் கொடுக்க வேண்டும். அழகே அந்த மூன்று வரிகளில்தான் இருக்கிறது. புதிய அவுட்புட்டில் அந்த இடம் இருபது வரி தள்ளிப் போயிருந்தாலும், சுற்றியுள்ள வரிகளை அடையாளம் வைத்து பேட்ச் தேடிப் பிடித்துவிடும். பிடிக்க முடியாவிட்டால் அந்தத் துண்டைத் தனி ஃபைலில் ஒதுக்கி வைத்துச் சொல்லியும் விடும்.

என் பிரச்சினை எல்லாப் பக்கங்களிலும் ஒரே வரி, அதனால் தேடி மாற்றும் சின்ன ஸ்கிரிப்டே போதும். ஆனால் அது பேட்ச் மாதிரி தானாகச் சொல்லாது. கருவியின் புதிய பதிப்பில் அந்த வரி லேசாக மாறினால்கூட எதையும் மாற்றாமல் சத்தமில்லாமல் முடிந்துவிடும். அதனால் மாற்றிய பக்கங்களை எண்ணி, மொத்தப் பக்கங்களோடு ஒப்பிட்டு, ஒன்று குறைந்தாலும் அங்கேயே நிற்கும்படி எழுதியிருக்கிறேன். அப்புறம்தான் அந்த ஃபோல்டர் சர்வருக்குப் போகும்.