பாலிமர் கலந்த தார்: எங்கே பலன், எங்கே வீண்?

கோடை வெயிலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பரவலாகப் பயன்படும் விஜி-30 என்ற சாதாரணத் தார் வகைக்கு ஐஎஸ் 73 என்ற இந்தியத் தரவிதி கேட்கும் இளகுநிலையோ, அதாவது தார் இளகத் தொடங்கும் வெப்பநிலையோ, குறைந்தது 47 டிகிரிதான். வேகமாக ஓடும் லாரியைவிட, சிக்னலிலும் சுங்கச்சாவடியிலும் நின்று நின்று நகரும் லாரிதான் இந்த இளகலைச் சோதிக்கிறது. பாரம் ஒரே இடத்தில் நீண்ட நேரம் அழுத்தும்போது சக்கரத்தடம் குழியாகி, ஓரங்களில் மேடு தட்டும்.

பிஎம்பி எனப்படும் பாலிமர் கலந்த தார் அசத்துவது இங்கேதான். எஸ்பிஎஸ் என்ற ரப்பர் போன்ற பாலிமரைப் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம் சேர்ப்பார்கள். அது தாருக்குள் வலைபோலப் பரவி, சுமை நகர்ந்ததும் தாரைப் பழைய வடிவுக்கு இழுக்கிறது. இதைச் சோதிப்பதும் எளிது. 15 டிகிரியில் மாதிரியை 10 செ.மீ. இழுத்து, நடுவில் வெட்டி, ஒரு மணி நேரம் விட வேண்டும். குறைந்தது 70 சதவீதமாவது மீள வேண்டும்; சாதாரணத் தாரில் இந்த மீட்சி மிகக் குறைவு. டேங்கரோடு வரும் சான்றிதழோடு நிற்காமல், தளத்திலேயே மாதிரி எடுத்து இதைச் செய்யுங்கள்.

பெரும்பாலான கோளாறு பொருளில் இல்லை, கையாளுவதில் இருக்கிறது. பிஎம்பியை ஜல்லியோடு கலக்கும்போது 165 முதல் 185 டிகிரி வரை சூடு வேண்டும். அதற்கு மேல் காய்ச்சிக்கொண்டே இருந்தால் பாலிமர் சிதைந்துவிடும். கூடுதல் விலை கொடுத்து வாங்கியது வெறும் தாராகிவிடும். கிளறும் கருவி இல்லாத தொட்டியில் நாள்கணக்கில் வைத்தால் பாலிமர் மேலே பிரிந்து நிற்கும். மேல், கீழ் மாதிரிகளின் இளகுநிலை வித்தியாசம் 3 டிகிரியைத் தாண்டினால் அந்தச் சரக்கு ஆகாது.

போடும்போது நேரம்தான் எதிரி. 40 மி.மீ. அடுக்கு சீக்கிரம் ஆறும், பிஎம்பி கலவையோ சாதாரணக் கலவையைவிட விறைப்பானது. டிப்பரைத் தார்ப்பாயால் மூடுங்கள். கலவையைப் பரப்பும் இயந்திரமான பேவரை ஒட்டியே ரோலர் போகட்டும். கலவை 115 டிகிரிக்குக் கீழே போனபின் எத்தனை முறை உருட்டினாலும் இறுக்கம் சரியாக வராது. காற்றிடைவெளி கூடி, தண்ணீர் இறங்கி, முதல் மழையிலேயே ஜல்லி பெயரும். டயர் ரோலரில் கலவை ஒட்டுகிறது என்று டீசல் தடவுவார்கள். அதை அனுமதிக்கவே கூடாது, டீசல் தாரைக் கரைக்கும். டயரைச் சூடேற விட்டு, சோப்புத் தண்ணீர் பயன்படுத்தினால் போதும்.

வடிகால் இல்லாத சாலைக்கும், அடித்தளம் உட்கார்ந்த சாலைக்கும் பிஎம்பி மருந்தல்ல. முதலை முதுகுபோல வெடித்த பரப்பை வெட்டிச் சீர் செய்யாமல் மேலே போட்டால் விரிசல் மேலேறி வரும். போக்குவரத்து குறைந்த கிராமச் சாலைக்கு நன்றாக இறுக்கிய விஜி-30 போதும். மிச்சமாகும் பணத்தில் ஓரத்துக் கால்வாயை வெட்டுங்கள்.