பத்து லட்சம் கையெழுத்து எங்கே போய்ச் சேருகிறது?

வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு லிங்க்காவது வந்துவிடுகிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைக் காப்பாற்றுங்கள், எண்ணூரில் சாம்பல் கொட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள், அமேசான் காடு எரிகிறது, எங்கோ ஒரு நாட்டில் எழுதியதற்காக ஒருவரை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டார்கள், கையெழுத்துப் போடுங்கள். பெயர், மின்னஞ்சல், பின்கோடு, ஒரு தட்டு, முடிந்தது. அடுத்த நிமிடமே அதே குரூப்பில் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்ற பேச்சு ஓடும். 'இதனால் எல்லாம் என்ன ஆகப்போகிறது' என்று சலித்துக்கொள்பவர்கள் ஒரு பக்கம், 'மெரினாவே இப்படித்தானே நடந்தது' என்று மார்தட்டுபவர்கள் இன்னொரு பக்கம். இதைச் சமூகவியல்காரர்களும் கணினிக்காரர்களும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், எடுத்த எடுப்பில் அந்தக் கணக்கு சலித்துக்கொள்பவர்கள் பக்கம்தான் நிற்கிறது.

சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த படுகொலைகளுக்கு எதிராக ஃபேஸ்புக்கில் ஒரு இயக்கம் ஆரம்பித்தார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அந்தத் தரவை அலசிய ஆய்வு 2014-ல் வெளியானது. சேர்ந்தவர்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு டாலர்கூட நன்கொடை தரவில்லை, சுமார் 72 சதவீதம் பேர் வேறு ஒரே ஒரு ஆளைக்கூடச் சேர்க்கவில்லை, மொத்தமாக வசூலானது ஏறத்தாழ 90,000 டாலர். இன்னொரு கணக்கு பிரிட்டன் பிரதமர் அலுவலகம் நடத்திய மனு இணையதளத்தைப் பற்றியது: அரசு பதில் சொல்ல வேண்டுமென்றால் 500 கையெழுத்து போதும் என்றிருந்த அந்தத் தளத்தில் 94 சதவீத மனுக்கள் அந்த 500-ஐயே தொடவில்லை. பிழைத்த மனுக்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே ஓட ஆரம்பித்தவை. முதல் நாள் படுத்த மனு பிறகு எழுந்து நடப்பது அபூர்வம்.

சரி, அப்படியென்றால் சில ஏன் ஓடுகின்றன? நல்ல விஷயம் என்பதாலா? மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1978-ல், இணையம் என்று ஒன்று மக்கள் கைக்கு வருவதற்கு வெகு முன்பே, இதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டினார். ஒரு திடலில் 100 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் மனதிலும் ஒரு எண் இருக்கிறது, எத்தனை பேர் இறங்கினால் நானும் இறங்குவேன் என்ற எண். தயக்க எண் என்று வைத்துக்கொள்வோமே. ஒருவருக்கு அது 0, யாரும் வராவிட்டாலும் அவர் இறங்கிவிடுவார். அடுத்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, இப்படியே 99 வரை. முதல் ஆள் இறங்குகிறார், அவரைப் பார்த்து தயக்க எண் 1 உள்ளவர், அந்த இருவரையும் பார்த்து 2 உள்ளவர், கடைசியில் நூறு பேரும் களத்தில். இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். தயக்க எண் 1 உள்ளவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 2 உள்ள இன்னொருவரை நிறுத்துங்கள். முதல் ஆள் இறங்குவார், ஒருவர் மட்டும் இறங்கியதைப் பார்த்து இறங்கக்கூடியவர் யாருமே இல்லை, அவ்வளவுதான், அவர் தனியாக நின்று கத்திவிட்டு வீட்டுக்குப் போவார். இரண்டு கூட்டத்திலும் 99 பேர் ஒரே ஆட்கள்தான், கோபமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றைப் பத்திரிகைகள் மக்கள் எழுச்சி என்று எழுதும், இன்னொன்றை யாருமே எழுத மாட்டார்கள். ஒரு ஊர் மக்கள் கொதிக்கிறார்கள், இன்னொரு ஊர் மக்கள் சொரணையற்றவர்கள் என்று நாம் போடும் தீர்ப்புகளில் பாதி இந்தக் கணக்குக்கு முன்னால் நிற்காது என்றே நினைக்கிறேன்.

செல்போன் செய்கிற வேலை இந்த இடத்தில்தான். அது யாருக்கும் புதிதாகக் கோபம் ஊட்ட வேண்டியதில்லை. அடுத்தவர் இறங்கிவிட்டார் என்பதை வீட்டில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குக் காட்டினாலே போதும். 2017 ஜனவரியில் அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு கேட்டு உட்கார்ந்தவர்களைக் கைது செய்த செய்தி வந்ததும், 17-ம் தேதி மெரினாவில் விவேகானந்தர் இல்லம் எதிரே கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான். அன்று இரவு அவர்கள் செல்போன் விளக்கைத் தூக்கிப் பிடித்து நின்ற படங்கள் ஊர் முழுக்கச் சுற்றின. 50 பேர் நிற்கிறார்களா 5,000 பேரா என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போக வேண்டும், இல்லை மறுநாள் பேப்பர் வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது தயக்க எண் 2,000 உள்ளவருக்கும் தன் முறை வந்துவிட்டது என்று உடனே தெரிந்துவிடுகிறது.

ஆனால் பார்த்தால் மட்டும் போதாது, யாரிடமிருந்து பார்க்கிறோம் என்பதும் முக்கியம். டேமன் சென்டோலா என்ற ஆய்வாளர் 2010-ல் ஒரு பரிசோதனை செய்தார். ஆரோக்கியம் பற்றிய ஓர் இணையதளத்தில் சேரும் பழக்கம் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க, இரண்டு விதமான வலைப்பின்னல்களைச் செயற்கையாக உண்டாக்கினார். ஒன்றில் நண்பர்களின் நண்பர்களும் ஒருவருக்கொருவர் நண்பர்கள், நம் தெரு மாதிரி நெருக்கம். இன்னொன்றில் தொடர்புகள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தன. சிதறின வலையில்தான் செய்தி வேகமாகத் தொலைதூரம் போகும், ஆகவே அதுதான் ஜெயிக்கும் என்று தோன்றுமில்லையா? நடந்தது நேர்மாறு: நெருக்கமான வலையில் சுமார் 54 சதவீதம் பேர் சேர்ந்தார்கள், சிதறினதில் 38 சதவீதம்தான். வதந்தி பரவ ஒரு வாய் போதும். நேரத்தையோ பெயரையோ பணயம் வைக்கிற காரியம் என்றால், தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் மனுஷன் அசைகிறான். மெரினா நிரம்பியதற்குப் பிரபலங்களின் பதிவுகளைவிடக் கல்லூரி வகுப்பு குரூப், ஹாஸ்டல் குரூப், ஓஎம்ஆர் ஆபீஸ் குரூப் என்று ஒரே ஆளுக்கு நாலு பக்கத்திலிருந்தும் வந்த 'நீ வர்றியா'தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. உலகத்தின் மறுகோடியில் நடக்கும் அநியாயத்துக்கு லட்சம் லைக் விழுந்தும் தெருவுக்கு ஒருவரும் வராததற்கும் இதே காரணம் பொருந்துகிறது.

அதற்காக வெறுமனே ஷேர் செய்கிறவரைக் கேலி செய்துவிட்டுப் போகவும் முடியாது. 2013-ல் துருக்கியின் கெஸி பூங்காப் போராட்டம் பற்றிய ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள்: ஆளுக்கு ஒன்றிரண்டு பதிவை மட்டும் பகிர்ந்த, களத்துக்கே வராத விளிம்பு ஆட்களின் பெருங்கூட்டம்தான் களத்தில் நின்ற சிலரின் குரலைத் தூரத்துக்கு எடுத்துப் போயிருக்கிறது. அவர்களை எடுத்துவிட்டால் செய்தி போய்ச்சேரும் எல்லை சுருங்கிவிடுகிறது. ஆட்சியாளர்களுக்கும் எது ஆபத்து என்று நன்றாகத் தெரியும். சீனத் தணிக்கையைப் பற்றி 2013-ல் வந்த புகழ்பெற்ற ஆய்வில், அரசைத் திட்டும் பதிவுகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன, மக்களை ஒரு இடத்தில் கூட்டக்கூடிய பதிவுகள்தான் அழிக்கப்படுகின்றன என்று தெரிந்தது.

பரவுவதற்கு ஒரு விலையும் இருக்கிறது. துப்பாக்கிக் கட்டுப்பாடு, பருவநிலை மாற்றம் போன்ற விவகாரங்களில் லட்சக்கணக்கான ட்வீட்களை எடுத்துப் பார்த்ததில், அறமும் உணர்ச்சியும் கலந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பதிவு பகிரப்படும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடியது. ஆகவே நிதானமாக எழுதியது மூலையில் கிடக்கும், 'துரோகி' என்று ஆரம்பித்தது பறக்கும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இதற்கு மாறான ஒன்றைப் பார்த்தோம். யாரும் யாரையும் திட்ட நேரமில்லை, பொதுவான ஒரு ஷீட்டைத் திறந்து ஏரியா, எந்த மாடி, எத்தனை பேர், படகு வேண்டுமா சாப்பாடு வேண்டுமா என்று கட்டம் கட்டமாக நிரப்பினார்கள், மூழ்கிய தெருக்களை வரைபடத்தில் ஆளாளுக்குத் தட்டிக் குறித்தார்கள். வெளியூரில் உட்கார்ந்திருந்தவர்களும் போன் போட்டுச் சரிபார்த்தார்கள். அதிலும் ஒரு கோளாறு, மீட்கப்பட்டவரின் செய்தி ஃபார்வர்டில் மட்டும் மீட்கப்படாமலே சுற்றிக்கொண்டிருக்கும். எப்போது எழுதியது என்று நேரம் போடாத ஒரே காரணத்தால் எத்தனை படகு வீணாகப் போயிருக்குமோ.

மெரினாவுக்கே திரும்ப வருவோம், ஏனென்றால் பாடம் அதன் கடைசி நாளில் இருக்கிறது. ஜெய்னெப் டுஃபெக்சி என்ற சமூகவியலாளர் உலகம் முழுக்க இப்படிப்பட்ட போராட்டங்களைப் பக்கத்திலிருந்து கவனித்துச் சொல்லும் விளக்கம் இது: முன்பு பெரிய கூட்டம் சேர்க்க மாதக்கணக்கில் வேலை செய்ய வேண்டியிருந்தது, அந்த வேலையினூடே சண்டை போட்டு, சமரசம் செய்து, சேர்ந்து முடிவெடுக்கக் கற்றுக்கொண்டார்கள். இப்போது கூட்டம் முதலில் வந்துவிடுகிறது, முடிவெடுக்கும் பழக்கம் வருவதே இல்லை. மெரினாவில் சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர், குப்பை அள்ளுவது எல்லாவற்றையும் அழகாகச் சமாளித்தார்கள். தலைவர் இல்லாததால் விலைக்கு வாங்கவோ பிடித்து உள்ளே போடவோ ஒருவரும் இல்லை, அதுவும் ஒரு பலம்தான். ஆனால் 21-ம் தேதி அவசரச் சட்டம் வந்தபோது, இது போதுமா, கலையலாமா என்று எல்லோர் சார்பிலும் சொல்ல ஆளில்லை. 23-ம் தேதி விடியலில் போலீஸ் வெளியேற்ற ஆரம்பித்தது, மாலை சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. இடைப்பட்ட நேரத்தில் ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ, நடுக்குப்பத்தில் மீன் சந்தையே எரிந்துபோனது. கேட்டது கிடைத்த அன்று அடி வாங்கியது குப்பத்து மக்கள்.

இன்னொரு பக்கம் கொடைக்கானல். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980-களில் பெயர்த்துக்கொண்டு வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பின்னால் யூனிலீவரின் இந்திய நிறுவனத்தின் கைக்கு வந்தது. மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி குவிந்திருந்ததை 2001-ல் ஊர்க்காரர்கள் அம்பலப்படுத்தினார்கள், ஆலை மூடியது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவைத் திரும்ப அமெரிக்காவுக்கே அனுப்ப வைத்தார்கள், அப்போது வாட்ஸ்அப்பும் கிடையாது யூடியூபும் கிடையாது. தொழிலாளர்களின் உடல்நலத்துக்கான வழக்கு மட்டும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் இழுத்தது. 2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் வீடியோ வந்தது, சில நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், யூனிலீவரின் தலைமை அதிகாரியே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

வீடியோ ஜெயித்தது என்று சொல்வது எளிது. என்னைக் கேட்டால், வீடியோ போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லாம் தயாராக இருந்தது என்பேன்: சங்கம், வழக்கு, பெயர்ப் பட்டியல், மருத்துவ ஆவணங்கள், பதினாலு வருடமாக விடாமல் பேசிய ஆட்கள். கூடவே நல்ல பெயரை விற்றுப் பிழைக்கும் ஒரு பன்னாட்டு நிறுவனம், லண்டனில் அதன் காதில் விழுந்தால் வலிக்கும். உள்ளூர் சாயப்பட்டறை முதலாளிக்கு இதே வீடியோ போட்டிருந்தால் அவர் போனைக்கூட எடுத்திருக்க மாட்டார்.

எண்ணிக்கையைவிடப் போய்ச்சேரும் இடம் முக்கியம் என்பதற்கு இன்னும் சுத்தமான உதாரணம் இணையச் சமநிலை விவகாரம், அதாவது எல்லா இணையதளங்களையும் நிறுவனங்கள் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற கோரிக்கை. 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டு 20 கேள்விகள் கேட்டது. தன்னார்வலர்கள் அந்த 20-க்கும் வரிசையாகப் பதில் தயாரித்து, ஒரு தட்டில் மின்னஞ்சலாகப் போகும்படி தளம் அமைத்தார்கள், பத்து லட்சம் மின்னஞ்சலுக்கு மேல் போனது. (அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை எல்லாம் டிராய் அப்படியே இணையதளத்தில் போட்டது தனிக் கூத்து.) அந்த வருடக் கடைசியில் அடுத்த அறிக்கை வந்தபோது ஃபேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாகப் பார்க்கவிடும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு ஆதரவாகத் தன் பயனர்களைக் கொண்டே பல லட்சம் செய்திகள் அனுப்ப வைத்தது. இரண்டுமே அச்சில் வார்த்த கடிதங்கள்தான். ஆனால் ஃபேஸ்புக் கடிதங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஃப்ரீ பேசிக்ஸ் வேண்டும் என்று மட்டும் சொன்னதால், ஆலோசனையை வாக்கெடுப்பாக்கப் பார்க்கிறீர்களா என்கிற தோரணையில் டிராய் கண்டித்தது. 2016 பிப்ரவரி 8-ல் தளத்துக்குத் தளம் மாறும் பாகுபாடான கட்டணங்களுக்குத் தடை வந்தது, அந்த வாரமே ஃபேஸ்புக் இந்தியாவில் அந்தத் திட்டத்தின் கடையைக் கட்டிக்கொண்டது.

2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு (ஆங்கிலச் சுருக்கத்தில் இஐஏ) விதிகளின், அதாவது ஒரு திட்டத்துக்கு அனுமதி தரும் முன் அதன் பாதிப்பை எடைபோடும் விதிகளின், புதிய வரைவுக்கு எதிராகவும் பத்து லட்சத்துக்கும் மேல் கருத்துகள் போயின. பொதுமுடக்கக் காலம், நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகள்கூட அந்த மூன்று எழுத்தைப் பேசினார்கள். வரைவைப் பல மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, கருத்துச் சொல்லும் கெடு ஆகஸ்ட் 11 வரை நீண்டது, அந்த வரைவு இறுதி வடிவம் பெறாமலே நின்றது. அதற்கப்புறம் நடந்ததை யாரும் டிரெண்ட் ஆக்கவில்லை. பழைய 2006 விதிகளிலேயே திருத்தங்கள், அமைச்சகம் தானே எழுதி அனுப்பும் அலுவலகக் குறிப்பாணைகள் என்று சின்னச் சின்னதாக மாற்றங்கள் வந்தன. குறிப்பாணைக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்க வேண்டியதில்லை, ஆகவே கையெழுத்துப் போட இடமும் இல்லை. அதைப் படித்து, எந்த வரி எந்த ஏரியைத் தொடுகிறது என்று பார்த்து, பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதெல்லாம் சென்னையில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் செய்கிற வேலை. வரைவு அறிவிப்பாக வந்தால் பொதுவாக 60 நாள் அவகாசம் உண்டு. அது அரசிதழ் பிரதி பொதுமக்களுக்குக் கிடைக்கும் நாளிலிருந்து ஓடும், நம் குரூப்புக்கு லிங்க் வரும்போது பெரும்பாலும் கடைசி வாரம் ஆகியிருக்கும்.