ஐந்தாம் நாள் கொண்டுவராதீர்கள்

மட்டக்களப்பு மண்டூர்த் திருவிழாக் காலம். காலையில் கிளினிக் கதவைத் திறந்தபோதே அழுகிய புண்ணின் மணம் வந்துவிட்டது. பேராதனையில் மிருக வைத்தியம் படித்த காலத்தில் இதை எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை; தொழிலுக்கு வந்தபின் மூக்கு தானாகப் பழகிக்கொண்டது. வாங்கில் ஒரு பெரியவர். மடியில் பழைய சாரத்தால் சுற்றிய ஒரு வெள்ளை நாய். விடிய முதல் மண்டூரிலிருந்து குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கும் படகு) ஏறி இக்கரைக்கு வந்திருக்கிறார்.

"மற்ற நாயிடம் கடிபட்டு எத்தனை நாள் ஐயா?"

"இண்டைக்கு அஞ்சு நாள் டொக்டர். சின்ன ஓட்டைதான். நக்கி ஆறிடும் எண்டு விட்டுட்டம்."

சாரத்தை விலக்கினேன். ஓட்டை சின்னதுதான், அவர் பொய் சொல்லவில்லை. தோளுக்குப் பின்னால் இரண்டு, குன்றிமணி அளவு. இரண்டையும் கோப்பித்தூள் போட்டு அடைத்திருந்தார்கள். ஆனால் தோளிலிருந்து விலா வரைக்கும் தோல் கறுத்து, குளிர்ந்து, விரலால் தொட்டால் சதையை விட்டு நழுவியது. அந்த மாதத்தில் ஐந்தாம் நாள் என்று சொல்லிக்கொண்டு வந்த நான்காவது நாய் அது. நாலு பேரிடமும் ஒரே விளக்கத்தைச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் "சின்ன ஓட்டைதான்" என்ற பேச்சை முதலில் விடுங்கள். நாய் நாயைக் கடிக்கும்போது கடித்துவிட்டு உடனே வாயை எடுப்பதில்லை. கவ்விப் பிடித்து உலுப்பும். உங்கள் நாயின் பிடரித் தோலை ஒருமுறை பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மேல்சட்டை மாதிரிக் கையோடு வரும். கடிக்கிற பல்லோடும் அப்படித்தான் தோல் இழுபட்டுப் போகிறது. அதனால் தோலில் பல் நுழைந்த பொத்தல் மட்டும் இருக்கும். உள்ளே இருக்கும் சதை அப்படி இழுபட்டுக் கொடுக்காது, அது கிழியும். தோலுக்கும் சதைக்கும் நடுவில் இருக்கிற ஒட்டு பிய்ந்து வெறும் பை மாதிரி ஒரு இடம் உருவாகும். நம்ப முடியாவிட்டால் ஒரு தலையணையில் கத்தரிக்கோல் முனையைக் குத்தி, உள்ளே நன்றாகக் கிண்டிவிட்டு வெளியே எடுங்கள். உறையில் ஒரு பொத்தல்தான் இருக்கும். பஞ்சின் நிலையை உறையைக் கழற்றினால்தான் தெரியும்.

சரி, அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது? மற்ற நாயின் எச்சில், பல்லோடு போன மயிர், ஒழுங்கை மண், கசிந்த இரத்தம். கிருமி வளர இதைவிட நல்ல இடம் வேண்டுமா? அடுத்த நாள் மேலே பொருக்கு கட்டும். வீட்டுக்காரருக்குச் சந்தோசம், புண் காய்ந்துவிட்டதாம். உண்மையில் வாய்தான் மூடியிருக்கிறது, உள்ளே சீழ் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மூன்றாம் நாள் நாய் சோர்ந்து படுக்கும். நாலாம் நாள் சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும். ஐந்தாம் நாள் என்னிடம் வரும்.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆகவே ஒரு வேலை செய்வேன். நாய்க்கு மயக்க ஊசி போட்ட பிறகு, ஒரு மெல்லிய சலாகையை அந்தச் சின்ன ஓட்டைக்குள் விட்டு, அது எவ்வளவு தூரம் தடையில்லாமல் போகிறது என்று வீட்டுக்காரருக்குக் காட்டுவேன். பத்துச் சென்ரிமீற்றர் உள்ளே போனதும் முகம் மாறும். போன கிழமை ஒரு தம்பி கதிரையைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது நக்கி ஆறும் கதை. நாயின் எச்சிலில் கிருமியைக் கொஞ்சம் அடக்கும் பொருட்கள் இருப்பது உண்மைதான். அதே வாயில்தான் கண்டதையும் தின்ற அழுக்கும் இருக்கிறது. நாக்கு பல் போன ஆழத்துக்கு எட்டவும் எட்டாது. மேலே இருக்கிற இளஞ்சதையை அரம் மாதிரி அராவுவதுதான் அதனால் நடப்பது.

காயத்துக்குள் நீங்கள் கொட்டுகிற சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், எஞ்சின் ஒயில், கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெய் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. மஞ்சளுக்கு நல்ல குணம் உண்டு, சண்டைக்கு வரவேண்டாம். ஆனால் தூளாகக் காயத்தில் அடைத்தால் அது குப்பைதான். முதல் அரைமணி நேரம் நான் வைத்தியம் பார்ப்பதில்லை, உங்கள் சமையலறையைத் தோண்டி எடுக்கிறேன். மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் சதையைப் பொசுக்கும். நாய் அதை நக்கும், வயிற்றுக்குள்ளும் போகும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் நாய்க்கு வலிப்பு வரலாம். கல்லடிப் பக்கம் இன்னொன்று: "உப்புத்தண்ணிதானே, கிருமி செத்திரும்" என்று கடலில் இறக்கிக் குளிப்பாட்டுவது. கடலும் வாவியும் சுத்தமான உப்புத்தண்ணீர் இல்லை. நகரத்துக் கான் எல்லாம் எங்கே போய் விழுகிறது என்று யோசியுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் பனடோல்தான். "நோவுக்கு ஒரு குளிசை குடுத்தம்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். நம் உடம்புக்குக் கணக்கிட்ட பரசிற்றமோல் சின்ன நாயின் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு அரைக் குளிசையே உயிரை எடுக்கப் போதும். புரூஃபனும் டைக்ளோஃபினக்கும் நாய்க்கு வயிற்றில் புண்ணையும் இரத்தப்போக்கையும் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் அடித்துப்போடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? வந்தவுடன் சொல்லுங்கள். ஏசமாட்டேன். மறைத்தால் நான் போடுகிற ஊசியும் சேர்ந்து பிழையாகிவிடும்.

அப்போ என்னதான் செய்வது? முதலில் உங்கள் கையைக் காப்பாற்றுங்கள். சண்டைக்கு நடுவில் கை விட்டுக் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள். எந்தப் பாசமான நாயும் அந்த நேரம் யார் கை என்று பார்க்காது. வாளித் தண்ணீரை முகத்தில் அடியுங்கள், ஒரு பலகையையோ கதிரையையோ நடுவில் தள்ளுங்கள், தகரத்தில் தட்டிச் சத்தம் போடுங்கள். பிரிந்ததும் ஒன்றை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள்.

பத்து நிமிசம் நாயை ஆற விடுங்கள். நோவில் இருக்கிற நாய் வளர்த்தவரையும் கடிக்கும், ஆகவே ஒரு துணிப் பட்டியால் வாயை மெல்லக் கட்டுங்கள். மூச்சு இரைக்கிற நாய்க்கும் சத்தி எடுக்கிற நாய்க்கும் மட்டும் கட்டவே வேண்டாம். கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட்டு, மயிரை விலக்கி உடம்பு முழுக்கத் தடவுங்கள். ஒரு ஓட்டை கண்டால் இன்னொன்று இருக்கும். நாய்க்கு மேலேயும் கீழேயும் பல் உண்டு. கழுத்து, காதடி, அக்குள், அடிவயிறு இவற்றைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அமத்துங்கள். நிமிசத்துக்கு ஒருதரம் எடுத்து எடுத்துப் பார்த்தால் கட்டின இரத்தமும் கரைந்துபோகும். காலில் இறப்பர் பான்ட் போட்டு இறுக்கிக் கட்டுகிறவர்களுக்கு ஒரு கும்பிடு. அந்தக் காலைக் கழற்ற வேண்டி வந்தால் கத்தியைப் பிடிப்பது நான்தான்.

இரத்தம் நின்றதும் கழுவுங்கள். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் இரண்டு தட்டையான தேக்கரண்டி உப்பு. அதை ஊசி இல்லாத சிறிஞ்சால் காயத்தின் மேல் ஐந்து நிமிசம் ஓட விடுங்கள். பொவிடோன் அயடின் இருந்தால் மெல்லிய பிளேன்டி நிறத்துக்குக் கலக்கிக்கொள்ளலாம். போத்தலில் இருக்கிறபடியே ஊற்ற வேண்டாம். இவ்வளவுதான் வீட்டு வேலை. கழுவும்போது கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் ஷொப்பிங் பையாவது. மற்ற நாயின் எச்சில் உங்கள் நாயின் மயிரில் இன்னும் இருக்கும்.

பிறகு அன்றைக்கே, அல்லது விடிந்ததும் முதல் வேலையாக, கொண்டுவாருங்கள். சிலதை விடியும் வரையும் வைத்திருக்கக் கூடாது. உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பாருங்கள். வெளிறியிருந்தால், விரலால் அமத்தி விட்டபின் நிறம் திரும்ப இரண்டு செக்கனுக்கு மேல் எடுத்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சிலோ வயிற்றிலோ பல் பதிந்திருந்தால், அந்த நேரமே தொலைபேசியில் அழைத்துவிட்டுப் புறப்படுங்கள். முரசு கறுப்பான நாய்க்குக் கீழ் இமையின் உள்பக்கத்தைப் பாருங்கள். பெரிய நாய் கவ்வி உலுப்பிய சின்ன நாயை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், கொண்டுவரத்தான் வேண்டும். விலா எலும்பு முறிந்து, காற்று நெஞ்சுக்குள் கசிந்த நிலையில் வாலாட்டிக்கொண்டு வந்த நாயை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே வந்ததும் எல்லோரும் கேட்பது, "தையல் போடமாட்டீங்களா?" பெரும்பாலும் மாட்டேன். ஆழமான பல் ஓட்டையை மூடித் தைப்பது சீழை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம். நான் ஓட்டையைப் பெரிதாக்குவேன், செத்த சதையை வெட்டுவேன், கழிவு வடிய ஒரு குழாய் வைப்பேன். "சின்ன ஓட்டையோட கொண்டுபோனோம், டொக்டர் பெரிசாக்கி அனுப்பிட்டார்" என்று களுவாஞ்சிகுடிச் சந்தையில் பேச்சு இருப்பதும் தெரியும். பேசட்டும். ஏற்பூசி (ரெற்றனஸ் ஊசி) கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாய்க்கு ஏற்புவலி அபூர்வம், மனிதருக்குப் போடுவதுபோல் ஒவ்வொரு காயத்துக்கும் அதற்குத் தேவையில்லை.

தேவைப்படுவது விசர்நாய்க்கடித் தடுப்பூசி. கடித்தது யாருடையது என்று தெரியாத நாய் என்றால், உங்கள் நாய்க்கு இந்த வருடம் ஊசி போட்டிருந்தாலும் அட்டையைக் கையில் கொண்டுவாருங்கள்; உடனே இன்னொன்று போட வேண்டும். உங்கள் நாய்க்கு ஒருதரமும் போடவில்லை என்றால் நிலைமை பாரதூரமானது. விசர் கடித்த மறுநாள் காட்டாது, கிழமைகளோ மாதங்களோ கழித்தும் வரும். இத்தனைக்கும் சுகாதாரப் பகுதியினர் ஊருக்கே வந்து இலவசமாகப் போடுகிற ஊசி இது! கடித்த நாயைத் தயவுசெய்து அடித்துக் கொல்லாதீர்கள். அடைத்தோ கட்டியோ இரண்டு கிழமை பார்த்தால் அதற்கு விசரா இல்லையா என்று தெரிந்துவிடும். செத்தால் தலையைப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டிவரும்.

நாய்ச்சண்டையை விலக்கும்போது உங்களுக்குப் பல்லோ நகமோ பட்டிருந்தால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிசம் கழுவிவிட்டு அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். பார்வை பார்த்து நூல் கட்டிவிட்டு வந்து என்னிடம் "எனக்கும் ஒரு ஊசி போடுங்க" என்கிறார்கள். நான் மிருக வைத்தியர். நூல் கட்டுவது உங்கள் நம்பிக்கை, கட்டுங்கள். வைத்தியசாலைக்குப் போய்விட்டுக் கட்டுங்கள். விசர் கண்டபிறகு மனிதருக்கும் வைத்தியம் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு இரண்டு மூன்று நாளைக்குக் குழாயால் இளஞ்சிவப்புத் தண்ணீர் வடிவது நல்லது. தடித்து, மணக்கத் தொடங்கினால் திரும்பக் கொண்டுவாருங்கள். தேர்மாமீற்றரைப் பின்பக்கம் வைத்துப் பாருங்கள். 101 முதல் 102.5 ஃபரனைற் வரை நாய்க்கு இயல்பு, 103ஐத் தாண்டினால் அழைப்பு எடுங்கள். குளிசையை நாய் துள்ளத் தொடங்கியதும் நிறுத்திவிடுகிறீர்கள். மிச்சக் குளிசையை அடுத்த கடிக்கு வைத்திருக்கிறோம் என்று பெருமையாகவும் சொல்கிறீர்கள். வேண்டாம் அம்மா, தந்தது முடியும் வரை கொடுங்கள். பகலில் ஈ மொய்க்கும், அதுவும் மீன்வாடிப் பக்கம் சொல்லவே வேண்டாம். ஒரே நாளில் முட்டை புழுவாகிவிடும். நுளம்பு வலைக்குள் படுக்க விடுங்கள். நக்காமல் இருக்க, அடி வெட்டிய பிளாஸ்ரிக் வாளியைக் கழுத்தில் மாட்டலாம். "பாவமாக் கிடக்கு" என்று ராத்திரி கழற்றிவிடுவீர்கள். கழற்றாதீர்கள்.

சண்டை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரிந்ததுதான். திறந்து கிடக்கிற கடப்பு, சூட்டுக்கு வந்த பெட்டை, அதன் பின்னால் ஏழெட்டுக் கடுவன். கருத்தடை செய்தால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். ஒரே வளவில் இரண்டு நாய் வளர்த்தால் சோற்றுத் தட்டைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

மண்டூர் வெள்ளை நாயின் பெயர் சூட்டி. செத்த தோலை வெட்டி எடுத்தபோது காயம் என் இரண்டு உள்ளங்கை அளவுக்கு வந்தது. பெரியவர் முதல் பத்து நாள் தினமும், பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள், பாதை ஏறி மருந்து கட்டக் கொண்டுவந்தார். போக்குவரத்துக்குச் செலவழிந்த காசு, முதல் நாளே வந்திருந்தால் என் கட்டணத்தை விடக் கூட. நேற்று இருபத்திரண்டாம் நாள். காயம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, சூட்டி என் கையைக் கடிக்கப் பார்த்தது, நல்ல அறிகுறி. வாளியை எப்போது கழற்றலாம் என்று பெரியவர் கேட்டார். இன்னும் ஒரு கிழமை என்றேன்.