சாயத்தில் உப்புக்கு என்ன வேலை?

"சாயத் தண்ணியில கலரை எடுத்துட்டு நொய்யல்ல விட்டா என்னங்க தப்பு?" என்று திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கலரை எடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டால் பெரும்பகுதி சேறாகப் படிந்துவிடும். நொய்யல் ஆற்றைக் கெடுத்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு.

பருத்தி தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் பெறும். பனியனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் எதிர் மின்னூட்டம் கொண்டதே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சாயம் துணியை நெருங்காது. இங்கேதான் உப்பு வருகிறது. அதன் சோடியம் அயனிகள் நூலிழையைச் சூழ்ந்து அந்த விலக்கத்தை மறைக்க, சாயம் மெல்ல இழைக்குள் இறங்குகிறது. பிறகு சோடா ஆஷ் போட்டதும் சாயம் பருத்தி இழையின் செல்லுலோஸோடு நேரடி வேதிப்பிணைப்பு கொள்கிறது. எத்தனை முறை துவைத்தாலும் பனியன் வெளுக்காதது இதனால்தான். எனக்கு அலுக்கவே அலுக்காத வேதியியல் இது!

ஆனால் அந்தப் பிணைப்பில் உப்புக்கு இடமில்லை. அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் போடுவார்கள்; கடல்நீரிலேயே சுமார் 35 கிராம்தான். போட்டதில் கிட்டத்தட்ட அத்தனையும் அலசும்போது வெளியே வந்துவிடும். பருத்திக்கே நேர் மின்னூட்டம் ஏற்றிவிட்டால் உப்பில்லாமல் சாயமேற்றலாம். ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டப்பட்ட வழி இது. பட்டறை அளவுக்கு அதைக் கொண்டுவரும் ஆராய்ச்சிக்கு அரசு தாராளமாகப் பணம் தர வேண்டும் என்பேன்.

வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவை, திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் நொய்யல் மழையை நம்பிய ஆறு. கோடையில் உப்பைக் கரைத்து நீர்க்கச்செய்ய அதில் வேறு தண்ணீர் கிடையாது. பாசனத்துக்காக 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இன்றைய முறையில் கழிவுநீரை சவ்வு வழியே அழுத்தி வடிகட்டி, மிஞ்சும் கரைசலைக் கொதிக்கவைத்து, உப்பைத் திரும்ப எடுத்து மறுபடி சாயத்துக்கே போடுகிறார்கள். எரிபொருள் செலவு அதிகம்தான். இருந்தாலும் இது சரியான வழி.

வயலுக்குப் போன சோடியத்தின் கதை வேறு. களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கால்சியத்தை அது வெளியே தள்ளுகிறது. துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்க, மண் இறுகித் தண்ணீர் இறங்காமல் போகிறது. ஜிப்சம் போட்டால் கால்சியம் மறுபடி வந்து உட்காரும். ஆனால் கழன்ற சோடியத்தைக் கழுவிப் போக்க நல்ல தண்ணீர் வேண்டும். அதற்கும் அந்த வயல்கள் வெள்ளியங்கிரி மழையைத்தான் பார்த்திருக்கின்றன.