மரத்துக்குப் பெயர் சொல்லும் முன் கணுவைப் பாருங்கள்

போன மாசி மாதம் ஒரு பெரியவர் எங்கள் கல்லூரித் தாவரவியல் துறைக்கு வந்தார். மஞ்சப்பையில் பட்டைத் துண்டுகள், கூடவே இலையோடு ஒரு குச்சி. இன்னொரு கையில் மரங்களைப் பற்றிய படக் கையேடு. அதில் அசோகம் இருக்கும் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகியிருந்தார்.

"சார், மகளுக்கு மாசாமாசம் ரத்தம் ரொம்பப் போகுது. அசோகப் பட்டை கஷாயம் நல்லதுன்னு சொன்னாங்க. எங்க வாசல்லயே வரிசையா நிக்குது. உரிச்சிட்டு வந்துட்டேன். சரியான பட்டைதானான்னு பார்த்துச் சொல்லுங்க."

குச்சியைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. அது நெட்டிலிங்கம். காம்பவுண்டுச் சுவர் ஓரமாகக் கூம்பு போல உயர்ந்து நிற்குமே, அந்த மரம். நர்சரிகளில் அதை 'அசோகா' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். "ஐயா, இது அசோகம் இல்லை. இதைக் கொடுக்காதீங்க. முதல்ல மகளை ஒரு பெண் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். அவர் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். "படத்துல இருக்கிற மாதிரியேதானே சார் இருக்கு? நீள இலை, கீழே தொங்குது."

புத்தகத்தில் தப்பே இல்லை. அசோகத்தின் ஒரு முழு இலையை அதில் தெளிவாக வரைந்திருந்தார்கள். ஒரே காம்பில் ஐந்து ஜோடிச் சிற்றிலைகள். அந்தப் படத்தில் இருந்தது ஒரே ஒரு இலை. பெரியவருக்கு அது பத்து இலை கொண்ட கிளையாகத் தெரிந்தது. இலை எங்கே தொடங்குகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

இருபது வருஷத்துக்கு மேலாக மாணவர்களோடும் பொதுமக்களோடும் மரம் பார்க்கப் போகிறேன். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாதி இந்த ஒரு இடத்தில்தான் நடக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு இலைக்காம்பு குச்சியோடு சேரும் மூலையைப் பாருங்கள். அங்கே சின்னதாக ஒரு மொட்டு இருக்கும். பாடப்புத்தகத்தில் இதைக் கோணமொட்டு என்பார்கள். அந்த மொட்டை ஒட்டிய காம்பின் அடியில் தொடங்கி நுனிவரை போவது எல்லாம் சேர்ந்து ஒரு இலை. சிற்றிலைகளின் அடியில் இந்த மொட்டு இருக்காது. நகத்தால் தடவினாலே தெரியும். கண்ணுக்குப் புலப்படாவிட்டால் பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் போதும். நெட்டிலிங்கக் குச்சியில் ஒவ்வொரு இலையின் அடியிலும் மொட்டு உண்டு, ஆகவே அது தனி இலை. அசோகத்தில் பொதுக்காம்பு குச்சியைத் தொடும் இடத்தில் மட்டும்தான் மொட்டு. அதனால் அது கூட்டிலை.

இது தெரிந்துவிட்டால் கையேட்டின் பாதிப் பக்கங்களை அப்படியே ஒதுக்கிவிடலாம். வேம்பையும் மலைவேம்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேம்பில் ஒரு காம்பு, இரண்டு பக்கமும் சிற்றிலைகள், அவ்வளவுதான். மலைவேம்பில் காம்பு கிளைத்து, அந்தக் கிளைகளில்தான் சிற்றிலைகள் இருக்கும். சிற்றிலையை மட்டும் கிள்ளி எடுத்துவந்து "இது என்ன சார்?" என்று கேட்டால் நானும் தடுமாறுவேன். முழு இலை இருந்தால் ஸ்கூல் பையன் கூடச் சொல்லிவிடுவான்.

அப்புறம் இலைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். எதிரெதிரா, மாறி மாறியா? காம்பை ஒடித்தால் பால் வருகிறதா? அரசிலைக்கும் பூவரசிலைக்கும் வடிவம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பெயரிலேயே அரசு இருக்கிறது. அரசில் பால் வடியும், பூவரசில் வராது. இத்தனையையும் பார்த்த பிறகுதான் படங்களைப் புரட்ட வேண்டும். நம்மில் பலர் செய்வது இதற்கு நேர் எதிர். முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே போய், 'இது மாதிரி இருக்கே' என்று தோன்றும் படத்தில் நின்றுவிடுகிறோம். நின்ற பிறகு ஒத்துப்போகிற விஷயங்கள் மட்டும்தான் கண்ணில் படும். என் மாணவர்கள் ஒரு பெயரைச் சொன்னால், "சரி, இது ஏன் அது இல்லை என்று மூன்று காரணம் சொல்" என்பேன். அந்த மூன்று காரணத்தைத் தேடும்போதுதான் அவர்கள் மரத்தைப் பார்க்கவே தொடங்குகிறார்கள்.

போட்டோ இருக்கும் புத்தகம் நல்லதா, வரைபடம் இருக்கும் புத்தகம் நல்லதா என்று கேட்கிறார்கள். இரண்டும் இருந்தால் நல்லது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு வரைபடத்துக்கு. போட்டோவில் அன்றைய வெயிலும் நிழலும் சேர்ந்து விழுகின்றன. வரைகிறவர் கணு, மொட்டு, நரம்பு, வெட்டிய காய், விதை எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவந்துவிடுவார். இதில் நம் மண்ணுக்கு ஒரு பெரிய மரபே இருக்கிறது. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1840 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக 2,100க்கு மேற்பட்ட தாவரப் படங்களை வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்துவின் பெயரையே வைத்தார் வைட். பெரும்பாலும் வண்ணமே இல்லாத படங்கள், ஆனாலும் செடியை இன்றைக்கும் அவற்றைக் கொண்டு அடையாளம் காண முடிகிறது. அவற்றைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

படத்தில் ஒரு குறை உண்டு. எல்லா இலையும் ஒரே அளவில் தெரியும். தேக்கிலையும் புளியஞ்சிற்றிலையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் போட்டிருக்கும் அளவைப் படிக்காமல் விடாதீர்கள். பையில் ஒரு ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள். எட்டுகிற உயரத்தில் இருக்கிறதே என்று அடிமரத்துத் துளிரைப் பறிக்கவும் வேண்டாம். நீலகிரியில் யூகலிப்டஸ் இளஞ்செடியின் இலை அகலமாக, சாம்பல் பூத்து, எதிரெதிராக இருக்கும். வளர்ந்த மரத்தில் அதே இலை அரிவாள் போல வளைந்து மாறி மாறித் தொங்கும். பலாக்கன்றின் இலையும் பல சமயம் பிளவுபட்டு இருக்கும். வளர்ந்த கிளையின் இலைதான் கையேட்டில் இருப்பது.

படத்துக்கு மணமும் கிடையாது. வில்வத்துக்கும் மாவிலங்கத்துக்கும் மூன்று மூன்று சிற்றிலை. மாவிலங்கத்தை வில்வம் என்று பறித்துப் பூஜைக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வில்வ இலையை வெயிலுக்கு நேரே பிடித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஊசியால் குத்தியது போல ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் வில்வத்துக்கே உரிய வாசனை வரும். கிளையில் முள்ளும் இருக்கும். மாவிலங்கத்தில் முள்ளும் இல்லை, அந்த வாசனையும் இல்லை.

இதெல்லாம் பெயர் தவறிப்போனால் திருத்திக்கொள்ளக்கூடியவை. எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஒருமுறை மாணவர்களோடு நடந்துகொண்டிருந்தேன். ஒரு மாணவி எதிரெதிர் இலைகளுள்ள குச்சியை நீட்டி, "தேற்றான் சார். படம் அப்படியே இருக்கு. அடியிலிருந்தே மூணு நரம்பு போகுது பாருங்க. பாட்டிக்குத் தண்ணி தெளியவைக்கக் கொட்டை பொறுக்கிட்டுப் போகப் போறேன்" என்றாள். கணுவையும் நரம்பையும் சரியாகத்தான் பார்த்திருந்தாள். "காய் எங்கே?" என்று கேட்டேன். எல்லோரும் சருகைக் கிளறித் தேடினோம். ஆரஞ்சு நிறத்தில் உடைந்த ஓடு ஒன்று கிடைத்தது. அதற்குள் சட்டைப் பொத்தான் போலத் தட்டையான, பட்டு மினுமினுப்புள்ள விதைகள்.

எட்டி மரம். தேற்றானும் எட்டியும் ஒரே பேரினம், உடன்பிறப்புகள் மாதிரி. தேற்றான் பழம் சின்னது, பழுத்தால் கறுக்கும், உள்ளே உருண்டையாக ஒரே கொட்டை. அதைப் பானையின் உள்பக்கம் தேய்த்துக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைப்பார்கள். எட்டி விதையில் இருப்பது ஸ்டிரிக்னின். உடம்பை முறுக்கி, மூச்சை நிறுத்திவிடும் விஷம். சித்த மருத்துவத்தில் முறையாகச் சுத்தி செய்த பிறகே அதைத் தொடுகிறார்கள். 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். மரத்தைக் காட்டச் சொன்னால் பலருக்குத் தெரியாது. அந்த மாணவியின் கை அன்று நடுங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பூவும் காயும் பார்க்காமல் எந்த மரத்தையும் உறுதி செய்யாதீர்கள். கையேட்டையோ போன் செயலியையோ மட்டும் நம்பி எதையும் சாப்பிடாதீர்கள், கஷாயம் வைக்காதீர்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். செயலி ஒரு நொடியில் பெயர் சொல்லும். அதை முதல் ஊகமாக எடுத்துக்கொண்டு புத்தகத்தோடும் மரத்தோடும் ஒத்துப் பாருங்கள். ஊர்ப்பெயரையும் அப்படியே நம்ப முடியாது. கொன்றை என்று ஆளுக்கொரு மரத்தைக் காட்டுவார்கள். அறிவியல் பெயரைப் பென்சிலால் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், குழப்பம் வந்தால் உதவும்.

கையேடும் உங்கள் பகுதிக்கானதாக இருக்கட்டும். வட இந்தியாவுக்கான புத்தகத்தில் நம் குன்றுகளின் மரங்கள் பாதி இருக்காது. காட்டு மரங்களுக்கான புத்தகத்தில் மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொஹரையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சியையும் தேடினால் கிடைக்காமல் போகலாம். தெருவில் நிற்பவை அவைதானே.

பூ இல்லாத காலத்தில் பார்த்த மரமென்றால் நோட்டில் இடம், தேதி எழுதி ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, பூக்கும்போது திரும்பப் போங்கள். என் நோட்டில் இரண்டு வருஷம் நின்ற கேள்விக்குறிகள் உண்டு. அப்படியும் தீராவிட்டால் பூ, காய், இலை எல்லாம் உள்ள சிறு கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவையுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரச் சேகரமும் இருக்கின்றன. பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையிலும் தயங்காமல் கேளுங்கள். எங்களுக்கு அது தொந்தரவே இல்லை.

அந்தப் பெரியவரிடம், சந்தையில் அசோகப் பட்டை என்று வருவதிலும் நெட்டிலிங்கம் கலப்பது உண்டு என்றும், பட்டைக்காக உரித்து உரித்தே காட்டில் உண்மையான அசோகம் அருகிவிட்டது என்றும் சொன்னேன். பிறகு எங்கள் தோட்டத்தில் நிற்கும் அசோக மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். பூக்கத் தொடங்கியிருந்தது. தடித்த கிளையிலிருந்தே கொத்துக்கொத்தாக ஆரஞ்சுப் பூக்கள், நுனியில் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும் தளிர். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு இலையைப் பிடித்து, ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் கட்டைவிரல் நகத்தால் தடவிக்கொண்டே வந்தார்.

"இங்க மொட்டு இல்லை சார். இங்கயும் இல்லை." குச்சியோடு காம்பு சேரும் இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. "இதோ இருக்கு."